மேற்குப் பார்த்த பள்ளிக்கூடம்

முதன்முதலில் நான் அவரைப் பார்த்தபோது அவர் ஏணியில் நின்றிருந்தார். ஒரு கை ஏணியைப் பிடித்திருந்தது. மறு கையில் இருந்த ரப்பர் குழாயால் தகரக் கூரையின் மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். மாசி முடியப்போகிற சமயம், காலை பதினொரு மணி இருக்கும். கூரையில் விழுந்த தண்ணீர் சொய்யென்று சத்தம் போட்டுக்கொண்டே காய்ந்தது. உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாட்டை ஒரே ராகத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெளியே நின்று கேட்டால் தூக்கத்தில் பேசுவது போல இருந்தது. தடித்த கண்ணாடி, இடுப்பில் செருகிய புடவைத் தலைப்பு, ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கிற வயது. நான் பைக்கை நிறுத்தியதைப் பார்த்துவிட்டு அவர் இறங்காமலேயே, "இன்ஜினியர் சாருங்களா? சித்த நில்லுங்க, அந்தக் கோடிக்கு இன்னும் தண்ணி போகலீங்க" என்றார். அவர்தான் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை. ஊரில் பெரிய டீச்சர் என்பார்கள். நான் கடைசி வரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டேன்.

பொங்கலூருக்கும் குண்டடத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர் அது. பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடம் விரிசல் விட்டதால் இடித்துவிட்டார்கள். புதுக் கட்டடம் வரும் வரைக்கும் என்று ஊர்க்காரர் ஒருவர் தன் விசைத்தறிக் கொட்டகையைக் கொடுத்திருந்தார். தறிகளை விற்றுவிட்டதால் அது வெறுமனே கிடந்தது. அந்த 'வரும் வரைக்கும்' இரண்டு வருடமாகிவிட்டது. கடைசியில், அதே ஊரில் பிறந்து திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிற ஒருவர், தன் அப்பா படித்த பள்ளி என்பதால் இரண்டு வகுப்பறை கட்டித் தர முன்வந்தார். பதினைந்து வருடமாக அவருடைய ஷெட்டுகளை வரைந்து கட்டிக் கொடுப்பவன் நான். என் பிழைப்பில் பாதி அவரிடமிருந்து வந்தது. அப்படித்தான் அந்தக் காலையில் அளவு டேப்போடு நான் அங்கே போய் நின்றேன்.

கட்டடம் எப்படி வேண்டும் என்று டீச்சரைக் கேட்டேன். மரியாதைக்குக் கேட்ட கேள்விதான். இரண்டு அறை, ஒரு தளம், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவர் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு வந்து, "நான் ஒண்ணும் சொல்லலீங்க சார். ஒரு நாளைக்கு முச்சூடும் இதுக்குள்ள பசங்களோட உக்காந்து பாருங்க. பொறகு வரையுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரையிலிருந்து மாலை நாலு வரை, அந்தக் கொட்டகையின் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன்.

அந்த நாளை எத்தனை தடவை நினைத்திருப்பேனோ தெரியாது. பத்தரைக்கே தகரம் படபடவென்று விரிய ஆரம்பித்தது. சத்தம் கேட்கும்போதெல்லாம் சின்னப் பிள்ளைகள் மேலே பார்த்தார்கள். பதினோரு மணிக்கு மேல் நோட்டில் பென்சில் ஓடவில்லை. கை வேர்வையில் தாள் நனைந்து கிழிந்தது. ஒரு பெண் குழந்தை சோற்றுத் தட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டது. எல்லாரும் சிரிப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை, இன்னும் நாலு பேர் அதே போலக் கவிழ்த்துக்கொண்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் சுவரோரம் சுருண்டார்கள். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவனுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. அவன் அழாமல் அண்ணாந்து படுத்துக்கொண்ட விதத்திலேயே இது தினமும் நடப்பது என்று தெரிந்தது. நூல் அறுந்துபோகக் கூடாது என்று ஈரக் காற்றைக் குழாயில் கொண்டுபோகிற மில்லுக்கு நான் வரைந்து கொடுத்திருக்கிறேன். எந்த மணிக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று கணக்குப் போட்டு வரைந்திருக்கிறேன். பிள்ளைகளின் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மூன்று மணிக்கு எனக்கே தலை சுற்றியது. டீச்சர் ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

பிறகு வரைந்தேன். என் தொழிலில் அப்படி ஆசையாக வரைந்தது அந்த ஒன்றைத்தான். நீளப் பக்கம் வடக்கும் தெற்கும் பார்க்க வேண்டும், வெயில் அடிக்கிற மேற்குப் பக்கம் குறுகலாக இருக்க வேண்டும், அங்கே சன்னலே கூடாது, சாமான் அறையும் கழிப்பறையும் முன்னால் நின்று அந்த வெயிலை வாங்கிக்கொள்ள வேண்டும். தளத்தின் மேல் மண்சட்டிகளைக் கவிழ்த்து அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு, அதற்கு மேல் வெள்ளை ஓடு பதிக்க வேண்டும். சட்டிக்குள் அடைபட்ட காற்று சூட்டைக் கீழே விடாது. தெற்கே பத்தடி அகலத்தில் ஓட்டு வராந்தா. மேலே சூட்டுக் காற்று வெளியேற உயரத்தில் திறப்புகள். சன்னலை மட்டும் வழக்கம் போல மூன்றடி உயரத்தில் வைத்திருந்தேன். டீச்சர் தாளைப் பார்த்துவிட்டு, "பசங்க தரையிலதானுங்க சார் உக்காருவாங்க. காத்து அவுங்க தலைக்கு மேல போயிருமே" என்றார். சன்னல் ஒன்றரை அடிக்கு இறங்கியது. பிறகு, "அந்தப் புங்க மரத்தை மட்டும் விட்டுருங்க" என்றார். மேற்கே ரோட்டோரம் நின்ற மரம் அது. அதையும் படத்தில் வட்டம் போட்டுக் காட்டினேன். படத்தை அவர் வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

கம்பெனி ஆபீஸில் முதலாளியிடம் அதைக் காட்டிய நாளில் ஏசி குளிர் முழங்காலைப் பிடித்தது. அவர் கெட்டவர் அல்ல. கேட்ட இடத்தில் கொடுக்கிறவர், தொழிலாளிகளிடம் குரல் உயர்த்தாதவர். படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ரோடு மேக்கால இருக்குது, நீங்க பள்ளிக்கூடத்தைத் தெக்க பாத்து வெச்சிருக்கறீங்க. அப்பா பேரு ரோட்டுல போறவங்களுக்குத் தெரியோணுமல்லங்க" என்றார். வெயிலைப் பற்றிச் சொன்னேன். "கொஞ்சம் சூடு ஆகுமுங்க" என்றேன். "ஃபேன் போட்டுக்கலாமுங்க" என்றார். அந்தச் சமயம் ஆர்டர்கள் குறைந்திருந்தன, நூல் விலை ஏறியிருந்தது. ஆனியில் வருகிற அவர் அப்பாவின் திதிக்குள் திறந்தாக வேண்டும். வராந்தா போயிற்று. சட்டித் தளம் 'பின்னால பாத்துக்கலாம்' என்று போயிற்று. முகப்பு மேற்கே திரும்பியது. பெரிய எழுத்தில் பேர், இரு பக்கமும் பெரிய சன்னல்கள். பேரை மறைக்கும் என்பதால் மரமும் போக வேண்டியதாயிற்று. ஒரே ஒரு தடவைதான் 'சூடு ஆகும்' என்று சொன்னேன். அதையும் படத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னேன்.

மாற்றி வரைந்த படத்தோடு நேராக டீச்சரிடம் போனேன். "இது பள்ளிக்கூடம் இல்லீங்க டீச்சர், அடுப்பு. இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவர் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கொட்டகை வாசலில் கிடந்த கல்லின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"போன வாரம் கொட்டகைக்காரரு வந்தாருங்க. ஜூனுக்குள்ள காலி பண்ணோணுமாம், குடோனுக்கு விட்டுட்டாராம். கல்வி ஆபீஸ்ல போயிக் கேட்டா, இடம் இல்லீன்னா மெயின் ரோட்டுப் பள்ளிக்கூடத்தோட சேத்துருவோம்ங்கறாங்க. மூணு கிலோமீட்டருங்க சார். லாரி போற ரோடு. அப்பனும் ஆத்தாளும் எட்டு மணிக்குக் கம்பெனி வேன் ஏறிருவாங்க. யாரு கூட்டிட்டுப் போவாங்க?" கொட்டகைக்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "பசங்க நின்னு போயிருமுங்க. லைன் ஊட்டுக்குள்ளயே இருந்துட்டுப் பிசிர் வெட்டும். நான் எத்தனை பாத்திருக்கறேன்" என்றார். லைன் வீடு என்பது கம்பெனி ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடு. பிசிர் வெட்டுவது, தைத்த பனியனில் தொங்குகிற நூல் நுனிகளைக் கத்தரிக்கிற வேலை. வீட்டுக்கே மூட்டை மூட்டையாக வரும், சின்ன விரல்களுக்குச் சுலபம்.

"அப்படீன்னா என்னங்க டீச்சர் பண்ணச் சொல்றீங்க?"

"சூட்டுல உக்காந்தாலும் பள்ளிக்கூடத்துல உக்காரட்டுமுங்க சார். கையெழுத்துப் போட்டுருங்க" என்றார். கை கூப்பினார். என்னை விடப் பத்து வயது மூத்தவர்.

போட்டேன். டீச்சர் கேட்டதற்காகத்தான் போட்டேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. அன்று மத்தியானம் வேறு ஒரு ஷெட்டுக்காக முதலாளியிடமிருந்து போன் வந்திருந்தது என்பது மீதிப் பாதி.

மரத்தை வெட்டிய அன்று நான் சைட்டில் இல்லாதபடி பார்த்துக்கொண்டேன். கட்டடம் வேகமாக எழுந்தது. ஆனி மாதம் திறப்பு விழா. எங்கள் பக்கம் அது மேல்காற்றுக் காலம். பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று மேற்குச் சன்னல்கள் வழியாக ஆளைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தது. வந்தவர்கள் எல்லாம் "என்னமா காத்து வருதுங்க" என்று முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு எனக்குத் துண்டு போர்த்தினார். டீச்சர் கூட்டத்தின் ஓரத்தில் நின்று பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அவர் அன்று நிஜமாகவே சந்தோஷமாகத்தான் இருந்தார் என்று நினைக்கிறேன். ஐம்பத்திரண்டு பிள்ளைகளை அந்த ஜூனில் சேர்த்திருந்தார். லைன் வீடுகளில் ஏறி இறங்கி, மொழி தெரியாத தாய்மார்களிடம் கையால் பேசிச் சேர்த்த பிள்ளைகள்.

ஐப்பசியோடு மேல்காற்று நின்றது. பங்குனியில் டீச்சரிடமிருந்து முதல் போன் வந்தது. "மத்தியானத்துக்கு மேல உள்ள இருக்க முடியலீங்க சார். வந்து ஒரு தடவை பாருங்க" என்றார். வேலை இருக்கிறது, அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அங்கே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு மணிக்கு மேல் மேற்குச் சன்னல்களில் வெயில் நேராக உள்ளே இறங்கும். மேலே வெறும் கான்கிரீட், காலையிலிருந்து வாங்கிய சூட்டையெல்லாம் அந்த நேரத்தில்தான் கீழே இறக்கும். ஃபேன் சுற்றினால் அந்தச் சூட்டையே சுழற்றி அடிக்கும்.

அவர் என்ன செய்தார் என்று பிறகு உதவி ஆசிரியை சொல்லித்தான் தெரிந்தது. தாய்மார்களைக் கூட்டி, கம்பெனிகளில் கழித்துப் போடுகிற பனியன் துணியை ஒட்டுப்போட்டுத் திரை தைக்கச் சொல்லி, சன்னல்களில் கட்டி, மணிக்கொரு தரம் தண்ணீர் தெளித்திருக்கிறார். அதுவும் போதாதபோது வகுப்பையே வெளியே கொண்டுபோயிருக்கிறார். காலையில் கட்டடத்தின் மேற்குப் பக்கம் நிழல், மத்தியானத்துக்குப் பிறகு கிழக்குப் பக்கம். நிழல் நகர நகரப் பிள்ளைகளும் பையோடு நகர்ந்திருக்கிறார்கள். அந்தக் குறுகின நிழலில் எல்லாருக்கும் இடம் இருக்காது. விளிம்பில், முதுகில் வெயில் படுகிற இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கிறார். அந்த மாதத்திலேயே பதினாலு பிள்ளைகள் வராமல் நின்றுவிட்டார்கள். அவர்களைத் தேடி அவர் வெயிலிலேயே லைன் வீடுகளுக்கு நடந்திருக்கிறார்.

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். மூன்று மணிக்கு, வெளியே இருந்த பிள்ளைகளுக்காகக் கதைப் புத்தகங்களை எடுத்து வர உள்ளே போனவர் திரும்பவில்லை. பிள்ளைகள் போய்ப் பார்த்தபோது அலமாரிக்குக் கீழே கிடந்தார். நான் திருப்பூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய இடது பக்கம் விழுந்துவிட்டிருந்தது. வெயில்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. ரத்த அழுத்தம் ஏற்கெனவே இருந்தது, மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்றார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவர் கணவர் என்னைக் கண்டதும் எழுந்து, "உங்க பேரைச் சொல்லிட்டே இருப்பாங்க சார், நல்ல படம் ஒண்ணு வரஞ்சு குடுத்தாருன்னு" என்றார். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் முதலாளியிடம் போனேன். இந்தத் தடவை உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தட்டைத் தலையில் கவிழ்த்த குழந்தை, மூக்கில் ரத்தம் வந்த பையன், நகர்கிற நிழல், அலமாரிக்குக் கீழே கிடந்த டீச்சர். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "சூடு ஆகும்னு சொன்னீங்க, இல்லைங்கல. புள்ளைங்க உக்காரவே முடியாதுன்னு சொல்லலீங்களே. சொல்லியிருந்தா நான் அப்பா பேரைப் பாத்திருப்பேனுங்களா?" என்றார்.

அவர் தப்பித்துக்கொள்ளச் சொன்னதாக எனக்குப் படவில்லை. உண்மையாகவே கேட்டார். ஒரு நாள் முழுக்க அந்தத் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். எனக்குத் தெரிந்ததை அவருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டியவனும் நான்தான். எத்தனையோ முதலாளிகளிடம், சுவர் தாங்காது, தூண் போதாது என்று அடித்துப் பேசியிருக்கிறேன். இதை மட்டும் ஏன் முனகினேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஷெட் விழுந்தால் என் பேர் கெடும், பிள்ளைகள் வாடினால் கெடாது என்று உள்ளுக்குள் எங்கோ நினைத்திருக்க வேண்டும்.

அவர் அன்றே வேலையைத் தொடங்கச் சொன்னார். கோடை விடுமுறை முழுக்க நான் சைட்டிலேயே இருந்தேன். தளத்தின் மேல் சட்டிகளை நானும் குனிந்து அடுக்கினேன். மேற்குச் சன்னல்களை அடைத்து, அதற்கு முன்னால் மூன்றடி தள்ளி ஓட்டைச் செங்கல்லில் இன்னொரு சுவர் எழுப்பினோம். அது முகப்பை மறைத்தது. "பேரு மறைஞ்சா மறையட்டுமுங்க" என்றார் முதலாளி. கிழக்கே கதவும் தாழ்வான சன்னல்களும் வைத்து, அகலமான ஓட்டு வராந்தா போட்டோம். வேலை முடிந்த அன்று மத்தியானம் மூன்று மணிக்கு உள்ளே தரையில் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. முதலிலேயே செய்திருக்கக் கூடியதுதான்.

ஜூனில் பள்ளி திறந்தபோது பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். வெயிலுக்குப் பயந்து சில பெற்றோர் வேறு பள்ளிக்கு வேன் வைத்துவிட்டார்கள். வெளியூர்க் குடும்பங்கள் பல வேறு கம்பெனிகளைத் தேடிப் போய்விட்டன. மீதிப் பேரை வீடு வீடாகப் போய்க் கூப்பிட யாரும் இல்லை. டீச்சருக்குப் பதிலாகப் புதிதாக வந்த ஆசிரியை நல்லவர்தான், ஆனால் அவருக்கு யார் எந்த லைன் வீட்டில் இருக்கிறார்கள் என்று தெரியாது. அந்த வருடம் முடிவதற்குள் பள்ளியை மெயின் ரோட்டுப் பள்ளியோடு இணைத்துவிட்டார்கள். எந்தப் பயத்தினால் டீச்சர் என்னிடம் கை கூப்பினாரோ அதுவே நடந்தது.

பல்லடத்தில் இருக்கிற அவர் வீட்டுக்கு மாதம் ஒரு தடவை போகிறேன். கட்டில் சன்னலோரம் இருக்கிறது. பேச்சு குழறும், ஆனால் கவனித்துக் கேட்டால் புரியும். இணைத்த செய்தியை அவரிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. "பசங்க இப்ப எங்க உக்காந்திருக்காங்க?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். "உள்ளதானுங்க டீச்சர், நல்லாக் குளுகுளுன்னு இருக்குது" என்பேன். நாலைந்து மாதம் இப்படியே ஓடிற்று. ஒரு நாள் அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "எனக்குத் தெரியுமுங்க சார். கல்வி ஆபீஸ்ல இருந்தே சொல்லிட்டாங்க. நீங்க சொல்றது கேக்க நல்லா இருந்துச்சு, அதான் கேட்டுட்டு இருந்தேன்" என்றார். அவர் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இந்தச் சித்திரையில், பொங்கலூர்ப் பக்கம் ஒரு வேலையாகப் போனவன், வண்டியை அந்த ஊருக்குத் திருப்பினேன். மத்தியானம் இரண்டு மணி. வகுப்பறைகள் பூட்டியிருந்தன. கிழக்கு வராந்தாவில் ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பனியன் மூட்டையைப் பிரித்து வைத்துப் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு குழந்தைகள் வெறுந்தரையில் தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்றுக்கு ஐந்து வயது இருக்கலாம், இன்னொன்று கொஞ்சம் பெரியது. என்னைப் பார்த்ததும் அவள் பதறி எழுந்து துணியை வாரிக் கட்டினாள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், உட்காரு, உட்காரு என்றேன். நம்பாமல் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். குழந்தைகள் விழிக்கவில்லை. வேர்வை இல்லாத நெற்றிகள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தேன்.

மறுநாள் டீச்சரிடம் போய் இதைச் சொன்னேன். ஏதோ ஒரு ஆறுதலைக் கொண்டுபோவதாக நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை பேருங்க சார்?"

"ரெண்டு பேருங்க டீச்சர்."

"பேரு கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்றேன். அவர் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே யாரோ வண்டியை எடுக்க முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகு, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, "போயிக் கேட்டுட்டு வந்துருங்க. சேக்கறதுக்கு ஜூன் வரைக்கும் நேரம் இருக்குதுங்க சார்" என்றார்.